பாவசங்கீர்த்தன ஒத்திகை

— சிரிக்காதக்கா. நீ சிரிச்சா எனக்கும் சிரிப்பு வந்துடும், அப்புறம் இந்தத் தடவையும் ஃபெயில்தான்.

— பாவசங்கீர்த்தனம் கேக்குறதுல கூடவா ஃபெயில் ஆக்குவாங்க? உங்க குருமடத்துல தும்முறதுக்கும் பரீட்சை உண்டா?

— எங்க வாத்தியார் சாமி பாவி மாதிரி நடிச்சு எதிர்ல உக்காருவாரு. நாங்க சாமியாரா நடிச்சுக் கேக்கணும். அவர் பாதி சொல்லும்போதே நான் புத்திமதி ஆரம்பிச்சுட்டேன். காது வைக்க வேண்டிய இடத்துல வாயை வச்சிருக்கேன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

— வீட்லயும் நீ அப்படித்தானே. ஒருத்தரை வாயைத் திறக்க விட்டிருக்கியா?

— அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன். பாருக்கா, இங்க எல்லாத்தையும் அவங்க பாஷையில பழகிட்டேன். குருப்பட்டம் வாங்கி ஊருக்கு வந்தா தமிழ்ல கேக்கணும். நீ பாவம் சொல்லு, நான் கேக்குறேன். ஃபோன்ல சொன்னா செல்லாது, நானும் இன்னும் சாமியார் ஆகல. சும்மா ஒத்திகை.

— அது என்னடா கடமுடன்னு சத்தம்?

— வாஷிங் மெஷின். துணி துவைக்கிற ரூம்ல உக்காந்திருக்கேன். என் ரூம்ல பேசினா பக்கத்து ரூம் பிரதர் சுவத்தைத் தட்டுவாரு. இங்கதான் கொஞ்சம் கதகதப்பாவும் இருக்கு.

— தம்பி வெளிநாட்டுல படிக்கிறான்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டிருக்கேன். நீ என்னடான்னா அழுக்குத் துணிக்கு நடுவுல.

— அக்கா, அப்பா எப்படி இருக்காரு?

— இருக்காரு. இன்னைக்குக் கடை லீவு.

— நான் ஃபோன் பண்ணினா இப்பவும் எழுந்து போயிடுறாரா?

— உனக்குப் பாவம் வேணுமா, அப்பா கதை வேணுமா?

— பட்டத்துக்கு வருவாரான்னு மட்டும் சொல்லு. அன்னைக்கு என் முதல் ஆசீர் பெத்தவங்களுக்குத்தான். அம்மா இல்ல. அவரும் வரலைன்னா நான் யார் தலையில கை வைக்கிறது?

— அதை நான் எப்படிடா சொல்றது? சரி, நேரா உக்காரு. ஆரம்பிக்கிறேன். சாமி, பாவியா இருக்கேன், என்னை ஆசீர்வதியுங்க. பக்கத்து வீட்டுக்காரி புதுப் புடவை நல்லாவே இல்லைன்னு பொய் சொன்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.

— மகளே, பொறாமைங்கிறது நம்ம மனசை...

— பாரு, ஆரம்பிச்சுட்டே.

— சரி சரி. வேற? கொஞ்சம் கனமான பாவமா சொல்லுக்கா.

— எனக்கு ஏதுடா அந்த வசதி. வேற ஒருத்தரா நடிக்கட்டுமா? ஒரு வயசானவர். மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்காரு.

— அக்கா, வேண்டாம். விளையாட்டுக்குக் கூட அப்பாவை இழுக்காத.

— ஆள் யாருன்னு பார்த்துத்தான் கேப்பியோ? குறுக்க பேசாத. அதுக்குத்தானே ஃபெயில் ஆன? கேளு. “எனக்கு ஒரே மகன், சாமி. அவன் கைக்கு வேலை நல்லா வரும். கடைப் பலகையில என் பேருக்குக் கீழ ‘அண்ட் சன்’னு எழுதி வச்சேன். அவன் குருமடம் போறேன்னு நின்னான். ஆண்டவருக்கு வேற ஆளே கிடைக்கலையா, என் பிள்ளைதான் கிடைச்சானான்னு கேட்டேன்.”

— எனக்கு ஞாபகம் இருக்கு.

— உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? நீ சாமியாரு.

— சரி. சொல்லுங்க ஐயா.

— “அவன் வெளிநாடு போற அன்னைக்கு நான் வாசலுக்குக் கூட வரல. கடையில உக்காந்து... இரு... கடையில உக்காந்து, எரிஞ்சு போன மோட்டார் ஒண்ணைப் பிரிச்சேன். ஒண்ணும் செய்யாம அப்படியே திரும்ப மூடினேன். அப்புறம் பலகையில அந்த எழுத்து மேல என் கையாலயே பெயிண்ட் அடிச்சேன்.”

— ஏன்கா நிறுத்தி நிறுத்திப் பேசுற?

— மனசுல கிடக்கிறதைச் சொல்றவங்க கடகடன்னா சொல்லுவாங்க? “புதுசா கடைக்கு வர்றவங்க, எத்தனை பிள்ளைங்கன்னு கேப்பாங்க. ஒரே பொண்ணுன்னு சொல்லுவேன். தெரிஞ்சே சொன்ன பொய், சாமி.” டேய், லைன்ல இருக்கியா?

— இருக்கேன். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஐயா, பேதுருவும் ஆண்டவரைத் தெரியவே தெரியாதுன்னு சொன்னவர்தான். மூணு தடவை சொன்னாரு.

— இரு... “அவர் மூணோட நிறுத்திட்டாரு, சாமி. நான் நிறுத்தல.”

— இப்பவும் மகன் மேல கோபமா?

— “கோபம் எப்பவோ போயிடுச்சு. வெட்கம்தான் போகமாட்டேங்குது. அவன் ஃபோன் வந்தா எழுந்து போறது கோபத்துல இல்ல. பேசினா அழுதுடுவேன். அவன் முன்னாடி நான் அழுததே இல்ல.”

— இதெல்லாம் நீயா யோசிச்சியாக்கா?

— நான் யாருடா யோசிக்க? அபராதம் சொல்லு, சாமி. எத்தனை செபம் சொல்லணும் அவரு?

— செபம் வேண்டாம். மகன்கிட்ட ஒரே ஒரு தடவை பேசட்டும். திட்டினாலும் பரவாயில்ல. அவன் இங்க ரோட்ல அப்பா வயசு ஆளு யாராவது போனா, கொஞ்ச தூரம் பின்னாடியே நடக்கிறான். பாஷைதான் வேற. இருமல் எல்லாருக்கும் ஒண்ணுதானே. அதைக் கேட்டுட்டுத் திரும்பி வந்துடுறான். அவர்கிட்ட இதைச் சொல்லு. வேண்டாம், சொல்லாத. பேச மட்டும் சொல்லு.

— சரி, சாமி.

— அக்கா? என்ன, பேச்சையே காணோம்? கடைசி வரைக்கும் கேட்டேனா இல்லையா? நான் பாஸா, ஃபெயிலா?

— அவ ஸ்பீக்கரை அணைச்சுட்டு ஃபோனை என் கையில கொடுத்துட்டா, சாமி. திட்டுத்தான் வேணுமா, இல்ல வேற ஏதாவது பேசலாமா?