மிஸ்ஸைத் திருப்பிக் குடுங்க, ஜெயவேலு

…அதைத்தான் நானும் சொல்றேன் ஜெயவேலு, லெட்டர் எழுதறவங்க முன்பக்கத்துல எழுதணும். அதுக்குத்தானே முன்பக்கம்னு ஒண்ணு இருக்கு? பின்பக்கத்துல கையால பொடிப்பொடியா எழுதி வெச்சா யார் பொறுப்பு? எழுதினவங்களா, படிச்சவனா? நீங்களே சொல்லுங்க… சரி, யோசிச்சு சொல்லுங்க. உக்காருங்க முதல்ல. இது உங்க வீடு, நீங்க நிக்கறீங்க!

மணி எட்டரைதான். பதினோரு மணிக்கு ராஜகீழ்ப்பாக்கத்துல இன்ஸ்பெக்‌ஷன். பத்தரைக்குள்ள கன்னுக்குட்டி அங்க நின்னாகணும். நெறைய டைம் இருக்கு. வெளியில ஆட்டோ நிக்குது பாருங்க, தாம்பரத்துலேர்ந்தே பிடிச்சுட்டு வந்துட்டேன். கன்னுக்குட்டின்னதும், "சாணி போட்டா யார் சார் தொடைக்கறது?"ன்னான். நான் தொடைக்கறேன்பான்னேன். முப்பத்தோரு வருஷம் கவர்மென்ட் சர்வீஸ் ஜெயவேலு! கடைசியில ஆட்டோவுல சாணி தொடைக்க வாக்குக் குடுத்திருக்கேன்.

அட, நான் யாருன்னே சொல்லலையே. சாம்பசிவன். ரிட்டயர்டு. நீங்க போன மாசம் புரோக்கர் மூலமா ஒரு மாடும் கன்னும் வாங்கினீங்களே, அந்த கங்கையம்மாவோட குழந்தைங்க காப்பகத்துக்கு நான்தான் அட்வைசர். யாரும் கேக்கல, நானாத்தான் போனேன். அந்தம்மாவுக்கு நெலமெல்லாம் பிளாட்டாயிடுச்சு, மாட்டுக்கொட்டாய் மட்டும் மிச்சம். பாதிக் கொட்டாய்ல மாடு, பாதிக் கொட்டாய்ல இருபத்தாறு குழந்தைங்க. அம்மாக்காரிங்க எல்லாம் எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிச்சு ஆபீசுக்குப் போறவங்க. என் மருமக சாவித்ரியும் அப்படித்தான், டெலிபோன்ஸ்ல வேலை. என் பேரன் கிட்டு அங்கதான் இருக்கான். நாலு வயசு… நாலு வயசுன்னா சும்மா இல்ல. போன மே மாசம் காப்பகத்துக்குப் பத்து நாள் லீவு. பத்து நாளும் அவனை நான்தான் பாத்துண்டேன். எட்டாவது நாள் என் மூக்குக்கண்ணாடியை ஃபில்டர்ல போட்டு டிகாக்‌ஷன் இறக்கப் பாத்தான்.

அதனால, இந்த ஜூனுக்குள்ள அங்கீகாரம் வாங்கலைன்னா காப்பகத்தை மூடணும்னு நோட்டீஸ் வந்ததும் சட்டையை மாட்டினேன். நேரா போனேன். "கங்கையம்மா, கவலைப்படாதீங்க, அங்கீகாரம் வாங்கிக் குடுக்கறது என் பொறுப்பு"ன்னேன். "இன்னா சார், உனுக்கு இதெல்லாம் தெரியுமா?"ன்னாங்க. தெரியுமாவா! தபால் செக்‌ஷன்ல நான் பாக்காத காயிதமா?

காபியா? எதுக்கு சிரமம்… சரி, குடுங்க. பேசாமலே உபசாரம் பண்றீங்களே, இந்தக் காலத்துல யாருக்கு வரும்?

எங்க விட்டேன்? ஆங், இன்ஸ்பெக்‌ஷன். முதல் தடவை அங்கீகாரம் குடுக்கற ஆபீஸரம்மா சொல்லாம கொள்ளாம வந்துட்டாங்க. நானும் அங்க இருந்தேன். என்ன கோலம்னு நெனைக்கறீங்க? ஒரு குழந்தை வைக்கோலைப் பெரிசு சிறிசுன்னு பிரிச்சு வெக்குது. ரெண்டு குழந்தைங்க சண்டை போடுது, யாரு தண்ணி காட்டறதுன்னு. கங்கையம்மா முறத்தைப் பிடிச்சுகிட்டு, "நேத்து கன்னுக்குட்டி எத்தினி சொம்பு குச்சிது? இன்னிக்கு எத்தினி?"ன்னு கேக்கறாங்க. ஒரு ரைம்ஸ் இல்ல, ஒரு சார்ட் இல்ல, கை கட்டி உக்காந்த குழந்தை மருந்துக்குக்கூட இல்ல! எனக்கு வேர்த்துக் கொட்டுது. அந்த ஆபீஸரம்மா ரொம்ப நல்லவங்க, குனிஞ்சு கேட்டாங்க. "உங்க மிஸ் யாரு கண்ணா?"

இருபத்தாறு குழந்தைங்களும் ஒண்ணா கையை நீட்டிச்சு ஜெயவேலு. கன்னுக்குட்டியை!

என்னத்தைச் சொல்ல. கங்கையம்மாவை ஆயான்னு கூப்பிடறாங்க. மத்த ஸ்கூல்ல எல்லாம் மிஸ் இருக்காங்களாம். இங்க மிஸ் இல்லையேன்னு அதுங்களே கூடிப் பேசி, கன்னுக்குட்டிக்கு அந்தப் பேரை வெச்சிருக்குங்க. "மிஸ் மூத்திரம் போறாங்க"ன்னு என் பேரன் கூடுதல் தகவல் வேற குடுத்தான். ஆபீஸரம்மா வாயைப் பொத்திண்டாங்க. நான் கோவம்னு நெனைச்சேன். சிரிப்புன்னு இப்பதான் புரியுது.

அப்புறம் லெட்டர் வந்தது. நான்தான் படிச்சேன். முதல் பக்கம் சைக்ளோஸ்டைல் மெஷின்ல நகல் அடிச்ச விதிமுறை. "வளாகத்தில் ஆடு, மாடு முதலிய பிராணிகள் திரியலாகாது. இருக்கைகள் உயரம் குறைந்தவையாக இருத்தல் வேண்டும். விளையாட்டுப் பொருட்கள் இருத்தல் வேண்டும்." படிச்சேன், தேதி போட்டேன், ஃபைல்ல குத்தினேன். முப்பத்தோரு வருஷமா என் வேலையே அதானே? முன்பக்கம் பாக்கணும், நம்பர் போடணும், சீல் குத்தணும், தள்ளி விடணும். பின்பக்கம் வேற செக்‌ஷன் ஜெயவேலு! அதுல நான் தலையிட்டா யூனியன்ல சண்டைக்கு வந்துடுவாங்க.

விதியைப் பாத்ததும் வேலையில இறங்கிட்டேன். "மாட்டை வித்துடுங்க, இது ஆர்டர்"ன்னேன். "கன்னுக்குட்டி இன்னா சார் பண்ணிச்சு? கட்டிப்போட்டுதானே கீது?"ன்னு அந்தம்மா கண்ணு கலங்கினாங்க. ஆர்டர்னா ஆர்டர்னேன். நாற்காலியெல்லாம் கால் அறுத்தோம். ஒண்ணு ஆடிச்சு, இன்னொரு கால் அறுத்தோம். அது ஆடிச்சு, மறுபடி… இப்ப அது நாற்காலி இல்ல, பலகை. ஆனா உயரம் குறைவு, அதை யாரும் மறுக்க முடியாது. பொம்மைக்கு ஒரு கண்ணாடி ஷோகேஸ் வாங்கிப் போட்டேன். எல்லாத்தையும் பாலிதீன் கவரோட அடுக்கிப் பூட்டி, சாவியைப் பூணூல்ல முடிஞ்சுண்டேன். பின்ன? குழந்தைங்க தொட்டா ஒடைஞ்சுடாதா?

ஒரு நிஜ மிஸ்ஸும் போட்டோம். ஞானசௌந்தரின்னு, டீச்சர் ட்ரெயினிங் முடிச்ச பொண்ணு. முதல் நாள் வந்து, "குழந்தைகளா, நான்தான் உங்க புது மிஸ்"னுது. குழந்தைங்க ஒண்ணை ஒண்ணு பாத்துச்சு. எழுந்து போச்சு. ஆளுக்கு ஒரு பிடி வைக்கோல் கொண்டாந்து அந்தப் பொண்ணு மடியில வெச்சுது. ரெண்டாம் நாள் வாளியில தண்ணி. மூணாம் நாள் என் பேரன் கிட்டு அன்பாத்தான் போயி, தாடைக்குக் கீழ சொறிஞ்சு விட்டிருக்கான். அந்தப் பொண்ணு அழுதுகிட்டே சானடோரியம் பஸ் ஏறிடுச்சு.

சிரிக்காதீங்க. இதுல சிரிக்க என்ன இருக்கு?

நேத்து சாயங்காலம் சாவித்ரி அந்த ஃபைலை எடுத்துப் பாத்தா. புரட்டினா! இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எதையும் புரட்டிப் பாக்கற புத்தி. "அப்பா, பின்னால எழுதியிருக்கே படிச்சீங்களா?" பின்னால ஆபீஸரம்மா கையெழுத்து. "அச்சிட்ட விதிகள் எல்லோருக்கும் அனுப்பப்படுபவை. இங்கே இந்தக் கன்றுக்குட்டி சிறந்த ஆசிரியை. குழந்தைகள் தாமாகவே எண்ணுகிறார்கள், முறை வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் முதல் புதன் காலை பதினோரு மணிக்கு மேலதிகாரிகளை அழைத்து வருகிறேன். தயவுசெய்து எதையும் மாற்ற வேண்டாம்." மாற்ற வேண்டாம்ங்கறதுக்குக் கீழ ரெண்டு கோடு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? "சாவித்ரி, கங்கையம்மா கிட்ட மூச்சு விடாதே, காலையில நானே போய்ச் சரி பண்ணிடறேன்"னேன். தலையாட்டினா. நல்ல பொண்ணு, சொன்னா கேப்பா.

அதனால ஜெயவேலு, விஷயம் இவ்வளவுதான். தப்பு யாருது எவருதுங்கற பேச்சே வேண்டாம். மிஸ்ஸைத் திருப்பிக் குடுங்க. இன்னிக்கு ஒரு நாள் போதும். இந்த அங்கீகாரம் மட்டும் வரட்டும், நான் ஆயுசுக்கும் உங்களை… எழுந்துட்டீங்களா? கொட்டாய் பின்னாடியா? நீங்க இருங்க, நானே அவுத்துக்கறேன்…

ஜெயவேலு. என்ன இது? மாட்டையும் காணோம், கன்னையும் காணோம்?

யாரு வந்தாங்க? எப்போ? ஆறு மணிக்கேவா? செங்கல் லாரியிலயா! அந்தம்மாவுக்கு யாரு சொன்னது… சாவித்ரியா? நேத்தே போய்ச் சொல்லிட்டாளா?

அப்ப நான் வந்ததுலேர்ந்து நீங்க ஏன் ஒரு வார்த்தை… என்ன? சொல்லுங்க, பரவாயில்ல. கங்கையம்மா என்ன சொல்லிட்டுப் போனாங்க? "அந்த சாரு வருவாரு. வந்தா சேர் போட்டு காபி குடு. நீ வாயே தொறக்காத, அவரே பேசிகினு இருப்பாரு. பதினொண்ணு தாண்டினப்பறம் அனுப்பு." அப்படியா சொன்னாங்க?

இப்ப மணி என்ன?

பதினொண்ணேகாலா!

அப்ப அங்க… ஆபீஸருங்க வந்திருப்பாங்க. மிஸ் வந்தாச்சு. குழந்தைங்க சொம்பை எண்ணிகிட்டிருக்கும். மாத்தினது எல்லாம் பழையபடி ஆயிடுச்சு, நான் ஒருத்தன்தான் அங்க இல்ல. அப்ப அங்கீகாரம் கிடைச்சுடும்! கிட்டு அங்கயே இருப்பான்! அப்பாடா… ஆனாலும் ஜெயவேலு, எனக்கு ஒண்ணு மட்டும் மனசுல உறுத்துது. ரெண்டே முக்கால் மணி நேரம் ஒருத்தன் தானாப் பேசிகிட்டே இருப்பான்னு ஒரு அம்மா முன்கூட்டியே கணக்குப் போடறாங்கன்னா, என்ன அர்த்தம்? நான் என்ன அவ்வளவு பேசறவனா? நல்லா யோசிச்சு சொல்லுங்க. எனக்கு இனிமே ஒரு அவசரமும் இல்ல. மனசுல பட்டதைச் சொல்லுங்க, கோச்சுக்க மாட்டேன். ஏன்னா எங்க ஆபீஸ்ல இப்படித்தான், தட்சிணாமூர்த்தின்னு ஒருத்தர் இருந்தார்…

ஜெயவேலு?

ஜெயவேலு!