பஸ் ஸ்டாப் அம்மன்

நான் சோம்பேறி இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார். பதினெட்டு வருடமாக ஊராட்சிச் செயலராக இருக்கிறேன். மழையோ வெயிலோ, ஒன்பதரைக்கு அலுவலகத்தைத் திறப்பவன் நான்தான்.

சேரப்பணஞ்சேரியைத் தாண்டி எங்கள் ஊரில், கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பெரிய வேப்பமரம் இருந்தது. ஊராட்சி நிலத்தில் நின்றதால் அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மரத்தடியில் பாப்பம்மாள் இட்லிக் கடை வைத்திருந்தார். ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார்.

"சார், மரம் உள்ள பூரா உளுத்துப்பூட்ச்சு. தட்னா மேளமாட்டம் சத்தம் வருது. எந்தலைலதான் வுழும். வெட்டிடுங்க சார்."

போய்த் தட்டிப் பார்த்தேன். உண்மைதான், நல்ல சத்தம்.

மரம் வெட்டுவது நீங்கள் நினைப்பதுபோல் கோடரி வேலை இல்லை, காகித வேலை. வருவாய்த் துறைக்கு எழுத வேண்டும், வனத்துறை வந்து மதிப்புப் போட வேண்டும், மின்வாரியம் லைனை நிறுத்த வேண்டும். ஒரு வேப்பமரத்துக்கு எத்தனை பேர் காலைப் பிடிப்பது? 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போட்டேன். பாப்பம்மாளின் மகள் சுபஸ்ரீ செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அடுத்த மனுவை டைப் அடித்தே கொண்டுவந்தாள். பிறகு கலெக்டரின் குறைதீர் நாளிலும் ஒன்று. மொத்தம் ஏழு மனு. பயத்தில் பாப்பம்மாள் கடையை ரோட்டுக்கு அந்தப் பக்கம், வெயிலில் போட்டுக்கொண்டார். ஒரு மனுவும் நிலுவையில் இல்லாத ஊராட்சி என்று ஒன்றியக் கூட்டத்தில் கைதட்டல் வாங்கியவன் நான். அந்த ஏழும் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல உச்சி வெயில். ரோட்டில் ஈ காக்கை இல்லை, பாப்பம்மாளும் காலை வியாபாரம் முடித்துக் கடையைக் கட்டிவிட்டார். என் மனைவியின் பழைய மஞ்சள் புடவையை மரத்தைச் சுற்றிக் கட்டினேன். மஞ்சள் பூசி, உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்தேன். அடியில் நான்கு எலுமிச்சம்பழம். செய்கிற வேலையில் நான் குறை வைப்பதில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கில் முடிப்பவர்கள் உண்டு. நான் அம்மன் பிடித்தேன், அம்மனாகவே வந்தது.

சாயந்திரம் ஷிப்ட் முடிந்து இறங்கியவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். ஒரே வாரத்தில் உண்டியல் வந்தது, 'பஸ் ஸ்டாப் அம்மன்' என்று பெயரும் வந்தது. காண்ட்ராக்ட் பிள்ளைகள் வேலை பர்மனென்ட் ஆக வேண்டிக்கொண்டார்கள். வெட்டு என்று சொல்ல இனி யாருக்கு வாய் வரும்?

பாப்பம்மாள் ஒரு தூக்கு நிறையப் பொங்கலோடு அலுவலகத்துக்கு வந்தார். "அம்மனப் போயி வெட்டச் சொல்லிட்டனே சார், பாவி நானு" என்று அழுதார். எனக்கு மனம் இளகிவிட்டது. ஏழு மனுக்களையும் திரும்பப் பெறுவதாக நானே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பொங்கலில் மிளகு கொஞ்சம் தூக்கல்.

வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "கடைய மறுக்கா அம்மன் நெழலுக்கே கொண்டாந்துரலாம்னு கீறேன். வுழாதுல்ல சார்?"

"அம்மன் எங்கனா வுழுவாளாம்மா?" என்றேன்.

சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் காலை மரத்தடியில் அடுப்பு எரிந்தது.

சுபஸ்ரீ மட்டும் தனியாக வந்து கேட்டாள். "கடைய அங்க போட வேணாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். நான் சொன்னா எங்கம்மா கேக்க மாட்டேங்குது. நீங்க சொன்னா கேக்கும்." அதுவும் உண்மைதான். என் வார்த்தையைத்தான் அவர் நம்பினார். "இது பக்தி விஷயம்மா, இதுல ஊராட்சி தலையிடக் கூடாது" என்று அனுப்பிவைத்தேன்.

ஐப்பசி மழையில், பெரிய காற்றுகூட இல்லாத ஒரு காலையில் மரம் சாய்ந்தது. முதல் ஷிப்ட் பஸ் அப்போதுதான் கிளம்பியிருந்தது. நாற்பது பேர் தப்பினார்கள். அம்மன் கருணை என்றது ஊர். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பாப்பம்மாள் அடுப்பருகில் இருந்தார். அவரை வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. மின்வாரியம் வந்தது, வருவாய்த் துறை வந்தது, வனத்துறையும் வந்தது. நான் ஒரு கடிதம்கூட எழுதவில்லை.

விழுந்த மரத்திலிருந்து அந்தப் புடவையை உருவி எடுத்தவள் சுபஸ்ரீ. முந்தானை ஓரத்தில் சலவைக்காரர் போட்ட குறி இருந்திருக்கிறது. விசாரித்ததில் அது என் வீட்டுக் குறி. அவள் என்னைத் திட்டவில்லை, அதுதான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. புடவையை இந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் எதையும் மறைக்கவில்லை. புடவை கட்டியவன் நான். பொட்டு வைத்தவன் நான். விழாது என்று சொல்லி அந்த அம்மாவை அங்கே உட்கார வைத்தவனும் நான்தான். கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள் சார். விழுந்தது மரம்.