நாலு கிரெடிட் காட்டும் ஒரு மொறிஸ் மைனரும்

வெள்ளைக் காரில் தூசி பளிச்சென்று தெரியும், இளநீலத்தில் அவ்வளவு தெரியாது. நீக்கிலாப்பிள்ளை ஃபாதர் என்னைக் கூப்பிட்டு எதிரே இருத்தியபோது என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான். சந்தியோகு வந்து சொன்னதெல்லாம் உண்மையா என்று கேட்டார். உண்மைதான். ஆனால் சந்தியோகுவுக்குக் கார் ஓட்டத்தான் தெரியும். எதையும் முதலிலிருந்து சொல்லத் தெரியாது.

குருநகரில் எங்கள் வீட்டில் ஷெல் விழுந்த பிறகு, அம்மாவும் நானும் உரும்பிராயில் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தோம். அம்மாவுக்குத் தொய்வு. மூச்சு இழுக்கத் தொடங்கினால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அம்மாவுக்கென்று ஒரு கார் இருந்தால் நல்லது என்று கனடாவிலிருந்த தம்பி கிறிஸ்துநாயகத்துக்கு எழுதினேன். அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. அவனிடம் கையில் காசில்லை, நாலு கிரெடிட் காட் இருந்தது. நாலிலும் முடிந்த மட்டும் எடுத்து உண்டியல்காரர் மூலம் அனுப்பினான்.

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"காட்டை மெசினுக்குள்ளை விட்டாக் காசு வருமாமோ?"

"ஓம் அம்மா."

"பிறகேன் உவன் அங்கை கோப்பை கழுவுறான்?"

"அந்தக் காசை வட்டியோடை திருப்பிக் கட்டத்தான்."

அம்மாவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

அப்படித்தான் இளநீல மொறிஸ் மைனர் கார் வந்தது. என் மச்சான் சந்தியோகு ஓட்டினான். பெற்றோல் தடை இருந்த காலம், எல்லாக் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் ஆறிக் கிடக்கும் இஞ்சின் மண்ணெண்ணெயில் கிளம்பாது. முதலில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானபின் மாற்ற வேண்டும். அந்தப் பெற்றோலை ஒரு மருந்துப் போத்தலில் நான் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் சந்தியோகு என்னிடம் வந்து கை நீட்டுவான். அது எனக்குப் பிடித்திருந்தது.

உரும்பிராயில் மூன்று வருடமாக எங்களுக்குப் பெயர் அகதிச் சனம். பக்கத்து வளவுக் குணலட்சுமி தன் கிணற்றில் எங்களை அள்ள விடமாட்டார். வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், யாராவது வந்து ஊற்றுவார்கள். கார் வந்து இரண்டு மாதத்தில் அதே குணலட்சுமி எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை மகளின்ரை கலியாணம். பொம்பிளைக்கு உங்கடை கார்தான் வேணும். நீங்களும் முன்னுக்கு இருந்து வரவேணும்."

தங்கச்சி. அந்தச் சொல்லைத் தோடம்பழ இனிப்பு மாதிரி இரண்டு நாள் வாயில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவுக்கு இழுக்கத் தொடங்கியது. போத்தலில் இரண்டு தரம் ஸ்டார்ட் பண்ணத்தான் பெற்றோல் இருந்தது. கலியாணத்துக்குப் போக ஒன்று, திரும்பி வர ஒன்று. ஆஸ்பத்திரிக்கும் அதே கணக்குத்தான். வேறெங்கும் உடனே வாங்க முடியாது. சந்தியோகு வந்து கை நீட்டினான்.

"பெற்றோல் முடிஞ்சுது," என்றேன்.

"நேற்றுக் கிடந்ததே, மச்சாள்?"

"ஆவியாப் போட்டுது போலை."

போத்தல் என் தோளில் தொங்கிய கைப்பைக்குள் இருந்தது. என் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. தொய்வு பத்துத் தரம் வந்தது, பத்துத் தரமும் போனது. கலியாணம் ஒரு தரம்தான். யாரும் இப்படித்தான் யோசிப்பார்கள்.

சந்தியோகு அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சேலையால் தன் முதுகோடு கட்டிக்கொண்டு மிதித்தான். கோண்டாவில் தாண்ட முதல் முதுகில் பாரம் கூடிவிட்டதாம். அதன் பிறகு அவசரப்பட ஒன்றும் இருக்கவில்லை.

செத்த வீட்டுக் கார் சரிவராது என்று குணலட்சுமி வேறு கார் பிடித்துக்கொண்டார். அதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம். ஞாயிற்றுக்கிழமை வெயில் கடுமையாக இருந்தது. அம்மாவை அடக்கம் பண்ணச் சவக்காலை வரை நடக்க எனக்கு ஏலாது. போத்தலை எடுத்துச் சந்தியோகுவிடம் கொடுத்தேன். முதல் தரமே ஸ்டார்ட் ஆகிவிட்டது. அவன் போத்தலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மறுநாள் காரின் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனவன்தான், இரண்டு மாதம் கழித்து ஃபாதரிடம் போயிருக்கிறான்.

தம்பிக்கு நான் அழகாக எழுதினேன். அம்மா காரின் பின் சீற்றில் என் மடியில் தலை வைத்துப் படுத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனா, வழியில் அமைதியாக மூச்சு நின்றது என்று. அவன் பதில் போட்டான். இரண்டாவது வேலையும் எடுத்துவிட்டானாம். இன்னும் மூன்று வருடத்தில் நாலு காட்டையும் கட்டி முடித்துவிடுவானாம். அம்மா நோகாமல் போனதே தனக்குக் காணுமாம்.

நான் சொன்னதையெல்லாம் ஃபாதர் கேட்டு முடித்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து, கடதாசியும் பேனையும் எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"மற்றதெல்லாம் பிறகு, மார்கிரட். முதலிலை தம்பிக்கு நடந்ததை எழுதும்."

நான் பேனையை மூடி, கடதாசியின்மேல் வைத்து, அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

"நான் எழுதமாட்டன், ஃபாதர். அம்மா தன்ரை காரிலை போனவ எண்ட சந்தோசத்திலைதான் அந்தப் பிள்ளை ரெண்டு வேலை செய்து கட்டுறான். அதைப் பறிக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சுக்காரி இல்லை."