பெஞ்சுல உக்காந்ததுக்கு அபராதம்

அதான் சொல்றேனே தம்பி, வண்டியில நேரம் ஆகல. வண்டி சரியாத்தான் வந்துச்சு. பெஞ்சுல உக்காந்திருந்தேன். அதோ, அந்த ரெண்டாவது தூணுக்குப் பக்கத்துல. அதுக்குப் போயி அபராதமா?

மெட்ரோ ஸ்டேஷனுக்குள்ள வந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள வெளிய போயிடணும். தெரியும். பாஸ் இருந்தாலும் அதே ரூல்தான். அதுவும் தெரியும். எனக்குப் பாடம் எடுக்காத. முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவுல டைம் கீப்பர் நான். எந்த பஸ் எப்போ வந்துச்சு, எப்போ போச்சுன்னு எழுதறதுதான் பொழப்பு. உங்க போர்டுல எங்க ஸ்டேஷன்லேர்ந்து இங்க இருபத்திமூணு நிமிஷம்னு போட்டிருக்கு. இருபத்திநாலு ஆகுது. மாத்தச் சொல்லு.

இதோட பன்னெண்டு தடவை வந்துட்டேன். ஒரு தடவையாவது பாஸ் தட்டுற உங்க கேட்டு என்னைப் பாத்துக் கத்தியிருக்கா? நேரத்துக்குள்ள வெளிய போவேன். வாசல்ல ஒரு நிமிஷம் நிப்பேன். திரும்ப உள்ள வந்து வண்டி ஏறிடுவேன்.

எதுக்கா? எம்பொண்ணு வீடு இங்கதான். மருந்துக்கடை தாண்டி ரெண்டாவது சந்து. அவளைப் பாக்கத்தான் வர்றேன். அவ வேலைக்குப் போயிருக்கிற நேரமாப் பாத்து வர்றேன். சிரிக்காத. நீயா இருந்தா என்ன பண்ணுவ?

எட்டு வருஷம் ஆச்சு பேசி. எங்க டிப்போ கண்டக்டர் ஒருத்தனைக் கட்டிக்கிட்டா. என்கிட்ட கேக்கல. கேட்டிருந்தாலும் மாட்டேன்னிருப்பேன், அது வேற. மாசத்துல பத்து நாள் அவன் லேட். என் கையாலயே சிவப்பு மையில எழுதியிருக்கேன். அவன்தான் கிடைச்சானா? இந்த வாசப்படி மிதிக்காதேன்னேன். மிதிக்கல. நான் சொல்லி அவ கேட்டது அது ஒண்ணுதான்.

வீட்டுக்காரி சும்மா விடுவாளா. போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்னு ஒரே நச்சரிப்பு. ரெண்டு பஸ் மாறணும், ரெண்டேகால் மணி நேரம் ஆகும், என் முட்டி தாங்காதுன்னேன். அப்புறம் எங்க தெருமுனையில உங்க ஆளுங்க தூண் போட ஆரம்பிச்சாங்க. ரயில் வரட்டும், போலாம்னேன். அதோட அடங்கிட்டா. மாடியில துணி காயப் போட்டுட்டு வந்து, இன்னிக்கு இன்னொரு தூண் எழும்பிடுச்சும்பா. நடுவுல ஒரு வருஷம் வேலையே நடக்கல. எனக்கு நிம்மதி. அவ மட்டும் தினம் மாடிக்குப் போயிட்டு வந்து, இன்னிக்கும் ஒருத்தனும் வரலம்பா. சோதனைக்குக் காலி வண்டி விட்டீங்கல்ல, அதுக்குக் கையாட்டினா. பைத்தியக்காரி.

வண்டி விட்டதும் பாஸ் வாங்கினேன். புருஷன் பொண்டாட்டி சேர்ந்து வாங்கினா சலுகையாம், கவுண்டர்ல சொன்னாங்க. ஒண்ணு போதும்னேன்.

ஏன்னா... இரு. நீ சீட்டை எழுது. பேசிக்கிட்டே எழுத வராதா உனக்கு?

இன்னிக்கு எம்பொண்ணு வேலைக்கு லேட். புருஷன் புத்தி ஒட்டிக்கிச்சு. படி ஏறி வந்தா, நேரா என்னைப் பாத்துட்டா. பக்கத்துல உக்காந்தா. மூணு வண்டி போச்சு. சட்டையில பட்டன் மாத்திப் போட்டிருந்தேன் போல, அதை அவுத்து சரியாப் போட்டு விட்டா. அப்புறம்தான் பேசினா. முட்டி எப்படிப்பா இருக்குன்னா. இருக்குன்னேன்.

ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டா. இப்பவே எங்கூட வீட்டுக்கு வர்றாளாம். அம்மாவைப் பாக்கணுமாம். அவ பாஸ் ஆபீஸ் வரைக்கும்தான் செல்லும், ஆறு ஸ்டேஷன். எங்க ஸ்டேஷன் அதுக்கும் எட்டு தள்ளி. டிக்கெட் வாங்கிட்டு வர்றேன்னு வெளிய போனா. இருடி, ஒண்ணு சொல்லணும்னு பின்னாலேயே போனேன். உங்க கேட்டு மறிச்சிடுச்சு. கண்ணாடி வழியாப் பாரு, க்யூவுல நாலாவது ஆளு. இடுப்புல கை வச்சிட்டு நிக்கிறாளே, அவதான். அப்படியே அவ அம்மா.

என்ன சொல்லணுமா?

அவ அம்மா போய் இன்னியோட அம்பத்திரெண்டு நாள் தம்பி. காய்ச்சல்னு படுத்தா. நாலே நாள். வண்டி விட இன்னும் மூணு வாரம் இருந்துச்சு.

போன் பண்ணியிருக்கணும். எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரி வாசல்ல வீட்டுக்காரி போன் என் கையிலதான் இருந்துச்சு. பொண்ணு பேருதான் மொதல்ல. நான் காலையில நடக்கப் போறப்போ ரெண்டு பேரும் பேசிக்குவாங்க. தெரிஞ்சுதான் சுத்திக்கிட்டு வருவேன். அன்னிக்கு அமுக்கல. என் குரலைக் கேட்டதும் வச்சிடுவாளோன்னு ஒரு இது. மறுநாள் எப்படி அமுக்குறது? நேத்தே ஏன் சொல்லலன்னு கேப்பாளே. சொந்தக்காரங்க கேட்டாங்க. சொல்லியாச்சு, வர மாட்டேன்னுட்டான்னேன். ஆமா, அப்படித்தான் சொன்னேன். எம்பொண்ணைப் பத்தி.

போன் சார்ஜ் இல்லாம அலமாரியில கெடக்கு.

பெஞ்சுல அதைத்தான் கேட்டா. அம்மா போன் ஆஃப்லயே இருக்கே, நாங்க பேசறது தெரிஞ்சு புடுங்கி வச்சுட்டீங்களாப்பான்னு.

ஆமான்னுட்டேன்.

திட்டுவான்னு பாத்தேன். திட்டல. அப்பாடா, நான் என்னென்னமோ நினைச்சு பயந்துட்டேம்பான்னு சொல்லி சிரிச்சா தம்பி. எட்டு வருஷம் கழிச்சு என்னைப் பாத்து சிரிச்சா.