சிவப்புக் கட்டமும் இரண்டாம் ஷிப்டும்

பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுத்து ஊருக்கெல்லாம் ஒளியை அனுப்பும் இந்த நெய்வேலி நகரியத்தில், ஞாயிற்றுக்கிழமையையும் நமக்கே ஈந்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து வீற்றிருக்கும் விழாத் தலைவர், எங்கள் தலைமையாசிரியர் ஐயா குஞ்சிதபாதம் அவர்களே! மூன்று நாள் பயிற்சியில் கணினியையும் எங்களையும் ஒருசேரப் பொறுத்துக்கொண்ட பயிற்சியாளர், தம்பி பிரவின்குமார் அவர்களே! பணி ஓய்வு பெற்றும் பள்ளி மணியோசையை மறக்காமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த ஆசிரியப் பெருமக்களே! பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து, அடுப்பை அணைத்த கையோடு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! கரும்பலகையோடு கல்யாணம் ஆகி, இப்போது கணினித் திரையோடு குடித்தனம் நடத்தும் என் சக ஆசிரியத் தோழர்களே, தோழிகளே! உங்கள் அனைவரின் முன்னும் இந்த அறிவியல் டீச்சர் சந்திரகலா கைகூப்பி நிற்கிறேன்.

வகுப்பறையில் தொழில்நுட்பம் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இருபது நிமிடமும் கொடுத்திருக்கிறார்கள். இந்த இருபது நிமிடத்தில் என் சாதனைகளைச் சொல்லிச் சால்வை வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் நான் சொல்லப்போவது என் சாதனையை அல்ல, சறுக்கலை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு, கையில் ஒரு நல்ல கருவியை வைத்துக்கொண்டு நான் இழைத்த அநீதியை. அதைக் கேட்டுவிட்டு நாளை உங்கள் வகுப்புக்குள் நுழைந்தால் எனக்கு அதுவே போதும்.

போன ஆண்டு, இதோ இந்தப் பிரவின்குமார் தம்பிதான் எனக்கு இணையவழித் தேர்வைக் கற்றுக்கொடுத்தார். ஒரு படிவம், அதில் பத்துக் கேள்விகள். பிள்ளை வீட்டிலிருந்தபடியே செல்போனில் விடையைத் தொடலாம். மாலை ஆறு மணிக்குத் திறக்கும், எட்டரைக்குத் தானே மூடிக்கொள்ளும். மதிப்பெண் தானே ஏறும், சராசரி தானே விழும். ஏழுக்கு மேலே இருந்தால் பச்சைக் கட்டம், ஏழுக்குக் கீழே போனால் சிவப்புக் கட்டம். விடைத்தாள் கட்டைச் சுமந்து சுமந்து தோள்பட்டை இறங்கிப்போன நமக்கு இது வரமா, இல்லையா? ஆமாம் என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. அம்மா, நானும் அன்று அப்படித்தான் துள்ளினேன்.

அந்த நேரத்தில் வந்தது படிப்புதவித் தேர்வு. எட்டாம் வகுப்பில் தேறினால் பன்னிரண்டு முடியும்வரை படிப்புதவி கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. சிறப்பு வகுப்பில் யார் அமர்கிறார்களோ அவர்கள் பெயரைத்தான் தேர்வுக்கு அனுப்புவோம். கணினி அறையில் நாற்பது நாற்காலி, ஆகவே நாற்பது பிள்ளைகள். யார் அந்த நாற்பது பேர் என்று யோசிக்கும் வேலையை நான் படிவத்திடம் விட்டுவிட்டேன். பன்னிரண்டு வாரத் தேர்வு, சராசரி, பட்டியல், முடிந்தது கதை.

அந்தப் பட்டியலில் நாற்பத்தொன்றாவது பெயர் இசைப்பிரியா. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. அப்பா துரைராஜ் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அம்மா ருக்குமணி காடாம்புலியூருக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேளுங்கள். பத்து, பத்து, சுழி. பத்து, ஒன்பது, சுழி. மறுபடியும் பத்து, பத்து, சுழி. இரண்டு வாரம் பத்துக்குப் பத்து எடுக்கத் தெரிந்தவள் மூன்றாவது வாரம் படிவத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்? அலட்சியம் என்று பெயர் வைத்தேன். திமிர் என்று இன்னொரு பெயரும் வைத்தேன். கூப்பிட்டுக் கேட்டேனா? கேட்கவில்லை. கட்டம் சிவப்பாக இருக்கும்போது கேள்வி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அதோடு நின்றேனா? மறுநாள் காலை, ஸ்மார்ட் போர்டில் அந்த அட்டவணையை அப்படியே விரித்துப் போட்டேன். அறுபது பிள்ளைகள், அறுபது பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிறம். சிவப்பில் இருக்கிறவர்கள் சிறப்பு வகுப்புக்கு வர வேண்டாம் என்று அறிவித்தேன். அந்தப் பலகையில் நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இசைப்பிரியா எழுந்தாள். அழவில்லை. குரல்கூட உயரவில்லை. "மிஸ், எங்கப்பா ரெண்டாவது ஷிப்டு போற வாரம் செல்லு வூட்ல இருக்காதுங்க மிஸ். அப்பா எடுத்துக்கினு போயிடும். மத்த ரெண்டு வாரமும் நான் எழுதிகினுதான் இருக்கேன்" என்றாள்.

அன்பிற்குரியவர்களே! இரண்டாம் ஷிப்ட் எத்தனை மணிக்கு? மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. என் தேர்வு எத்தனை மணிக்கு? ஆறிலிருந்து எட்டரை. வீட்டில் இருக்கும் செல்போன் எத்தனை? ஒன்றே ஒன்று. இதைக் கூட்டிப் பார்க்க அறிவியல் பட்டம் வேண்டுமா?

நான் வெளியூரிலிருந்து வந்தவள் என்றாலாவது மன்னிக்கலாம். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த நகரியத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் அதே சுரங்கத்தில் பெர்மனென்ட். அவருடைய ஷிப்ட் அட்டவணை எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. முதல் ஷிப்ட் வாரம் விடியுமுன் இட்லி, இரண்டாம் ஷிப்ட் வாரம் பன்னிரண்டு மணிக்கே குழம்பு, நைட் ஷிப்ட் வாரம் பகலில் குக்கர் விசில் வைக்கக்கூடாது. சிரிக்கிறீர்கள், உங்கள் வீட்டிலும் அதே கதைதானே! குழம்பு வைக்க ஷிப்ட் பார்த்த நான், தேர்வு வைக்க ஷிப்ட் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு இருக்கிற இரண்டாம் ஷிப்ட் என் மாணவியின் அப்பாவுக்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று மதியம் சாப்பாட்டுப் பையைத் திறக்காமல் கணினி அறையில் இருந்த பிரவின்குமாரிடம் ஓடினேன். அட்டவணையில் ஒரே ஒரு கட்டவரிசையைப் புதிதாகச் சேர்த்தோம். எந்தெந்த வாரம் மாலையில் வீட்டில் செல்போன் இருந்தது என்பதற்கு ஒரு வரிசை. பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டு நிரப்பினோம். இருபது சிவப்பில் பதினொன்று, போன் இல்லாத வாரத்தின் சிவப்பு. தலைமையாசிரியர் ஐயாவிடம் போய் நின்றேன். பெயர்ப் பட்டியலை அனுப்ப இன்னும் நான்கே நாள். என் தவறை நானே என் வாயால் சொன்னேன். ஐயா என்னைத் திட்டவில்லை. நாற்காலி நாற்பதுதான் இருக்கிறது, அதற்காகப் பிள்ளைகளை நிறுத்த வேண்டாம், உணவுக்கூடத்து பெஞ்சைத் தூக்கி வந்து போடுங்கள் என்றார். பதினொரு பெயரும் அன்றே சேர்ந்தன. ஐயா, நீங்கள் இப்போது தலையைக் குனிந்துகொள்வது எனக்குத் தெரிகிறது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வந்தார் துரைராஜ். ஷிப்டுக்குப் போகிற உடுப்பு, கையில் சாப்பாட்டுப் பை. மகள் ஏதோ தப்புச் செய்துவிட்டாள் என்று பயந்து வந்திருந்தார். இனிமேல் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன் என்றார். அப்படியானால் வேலைக்கு எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "சூப்பர்வைசர் கூப்புட்டா உடனே எடுக்கணுங்க. எடுக்கலன்னா அடுத்த நாளு வேற ஆள வச்சிக்குவாங்க. பரவால்லங்க, பாப்பா படிப்புதான் பெருசு."

பெரியோர்களே! தாய்மார்களே! என் பத்துக் கேள்விக்காக ஒரு மனிதர் தன் வேலையையே தள்ளிவைக்கத் துணிந்து என் முன்னால் நிற்கிறார். நான் மாற்ற வேண்டியதோ படிவத்தில் ஒரு நேரம். விரலால் இரண்டு தட்டு. யார் விட்டுக்கொடுப்பது? சுரங்கத்துக்குப் போகிற அவரா, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நானா? "போனை நீங்க எடுத்துட்டுப் போங்க. நேரத்தை நான் மாத்திக்கிறேன்" என்றேன். இருபத்திரண்டு ஆண்டு ஆசிரியப் பணியில் நான் உருப்படியாகப் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். ஐந்து நிமிடம், ஐயா, முடித்துவிடுகிறேன்.

மாற்றினேன். எப்படி மாற்றினேன்? படிவம் இப்போது இரண்டரை மணி நேரம் அல்ல, ஏழு நாள் திறந்திருக்கிறது. வீடியோ அனுப்புவதை விட்டுவிட்டேன். அது டேட்டாவைத் தின்கிறது, பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்புகிறேன், ஒரு பதிவில் ஒரே ஒரு கருத்து. மூன்று கருத்தைத் திணித்தால் பிள்ளைக்கு மூன்றும் நிற்காது, என்னைப் போன்ற வாயாடிகளுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். வகுப்பில் காட்ட வேண்டிய படங்களை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் ஆய்வாளர் வருகிற அன்றைக்குத்தான் நெட் படுத்துக்கொள்ளும், அதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போனே இல்லாத பிள்ளைக்கு? அதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டம் அச்சிட்ட ஓர் அட்டை. அட்டையின் நான்கு பக்கமும் நான்கு விடை, பிள்ளை எந்தப் பக்கத்தை மேலே வைத்துக் காட்டுகிறதோ அதுதான் அதன் விடை. கேள்வியைக் கேட்டதும் அறுபது அட்டையும் உயர்கின்றன. ஆசிரியர் தன் செல்போன் கேமராவை ஒரு சுற்றுக் காட்டினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று பதிவாகிவிடுகிறது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதவும் முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு அட்டையும் வேறு வேறு. அறுபது பிள்ளைக்கும் சேர்த்து ஒரே ஒரு போன், அதுவும் நம்முடையது. இன்னொன்று, இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மதிப்பெண் அட்டவணையைப் பலகையில் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் பெயர் வரிசையை மறைத்துவிட்டுப் போடுங்கள். மறைப்பதற்கும் அதே கணினியில் ஒரு பொத்தான் இருக்கிறது, நான்தான் அதைத் தேடவில்லை.

முடிவு என்ன என்று கேட்கிறீர்களா? பெஞ்சில் உட்கார்ந்து படித்த பதினொரு பேரில் நான்கு பேர் தேறினார்கள். நால்வரில் ஒருத்தி இசைப்பிரியா! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். அந்தக் கைதட்டல் அவளுக்கு. ஆனால் மீதி ஏழு பேருக்கும் அது சேர வேண்டும், ஏனென்றால் அவர்களும் எழுதிப் பார்த்தார்கள். எழுதக்கூட விடாமல் நான் வாசலிலேயே நிறுத்தப் பார்த்தவர்கள் அவர்கள்.

இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. மதிப்பெண் தாள்களை அச்சிட்டு அடுக்குவதில் எனக்கு உதவி செய்வாள். போன வாரம் என் அறையில் உட்கார்ந்து அட்டவணை பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பில் நந்தினி என்று ஒரு புதுப்பிள்ளை. ஏழு நாள் திறந்து வைத்தும் இரண்டு வாரமாகச் சுழி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இத்தனை சலுகை கொடுத்தும் இப்படியா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். காகிதம் அடுக்கிக்கொண்டிருந்த இசைப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். "அவகிட்ட கேட்டீங்களா மிஸ்?" என்றாள்.

நான் கேட்கவில்லை. இவ்வளவும் நடந்த பிறகும், தோழர்களே, நான் கேட்கவில்லை. அப்போதுதான் எழுந்து போய்க் கேட்டேன். அவர்கள் வீட்டுப் போனில் திரை உடைந்து கீழ்ப்பாதி வேலை செய்யவில்லை. பத்துக் கேள்விக்கும் விடையைத் தொட்டுவிடுகிறாள். அனுப்புகிற பொத்தான் மட்டும் கீழே இருக்கிறது. இரண்டு வாரமாக அந்தப் பிள்ளை எழுதி எழுதி அனுப்ப முடியாமல் இருந்திருக்கிறாள்.

நாளை திங்கட்கிழமை. உங்கள் எல்லோர் கணினியிலும் சிவப்புக் கட்டங்கள் இருக்கும். எனக்கு நீங்கள் செய்கிற மரியாதை சால்வை அல்ல. நாளை முதல் மணி அடிப்பதற்குள் ஒரே ஒரு சிவப்புப் பெயரை அழைத்து, ஏனம்மா, ஏனப்பா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.

இதுவரை என் தவறைப் பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், தாய்மார்களுக்கும், தோழமை நெஞ்சங்களுக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். இரண்டாம் ஷிப்டில் இருப்பதால் இங்கே வர முடியாத அத்தனை அப்பாக்களுக்கும் என் வணக்கம்!