மிச்சமிருந்த மூன்று ஏக்கர்

ஸ்டேஷன் டீ நன்றாகத்தான் இருக்கிறது மேடம். ஆனால் அதைக் கொண்டுவந்த ஏட்டையாவை "யோவ்" என்று கூப்பிட்டீர்கள் பாருங்கள், அதை மட்டும் தவிர்க்கலாம். அவர் பெயர் செல்லதுரை. சட்டையிலேயே குத்தியிருக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், நாளைக்கு டீயில் இஞ்சி கூட விழும். ஆட்களை வைத்து வேலை வாங்குவது அவ்வளவு சுலபம். யாரும் செய்வதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் பரணிதரன். திருக்காட்டுப்பள்ளியில் நான்கு அறுப்பு மெஷின் வைத்து ஓட்டுகிறேன். தை பிறந்தால் சம்பா அறுக்க மெஷின் கிடைக்காமல் விவசாயி அலைவான், டிரைவர் கிடைக்காமல் மெஷின்காரன் அலைவான். என்னிடம் மட்டும் ஆறு வருடமாக ஒரு டிரைவர்கூட விலகியதில்லை. அதன் ரகசியத்தைச் சொல்லச் சொல்லி, தஞ்சாவூரில் மெஷின் முதலாளிகள் கூட்டத்தில் என்னை மேடையேற்றினார்கள். சால்வை போர்த்தி, ஒரு தலையாட்டி பொம்மை கொடுத்தார்கள். நான் பேசப் பேச அவர்களும் அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. தொழிலாளி என்ற சொல்லே என் வாயில் வராது, தம்பி என்பேன். எவன் பிள்ளை எந்த வகுப்பு, எவன் மாமியாருக்குச் சர்க்கரை, எல்லாம் எனக்கு அத்துப்படி. லீவு கேட்டு வரும்போது அது உதவும். எனக்கு.

அடுத்தது ஹாட்பாக்ஸ். ஜெக்கரியா என்றொரு டிரைவர், தங்கமான ஆள், போனில் வீடியோ பார்த்துக்கொண்டே மெஷினைத் திருப்பி வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டான். தூக்கி எடுக்க ஒன்றரை நாள் ஆனது. அதிலிருந்து, வயலில் இறங்குமுன் போனை ஒரு பழைய ஹாட்பாக்ஸில் போட்டுவிட வேண்டும். நான் நிற்கிற வயலில் பெட்டி என் ஜீப்பில், என் பக்கத்திலேயே இருக்கும். வீட்டில் அவசரம் என்றால் நானே எடுத்துப் பேசுவேன், நானே வந்து சொல்வேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பரணி அண்ணன் எடுப்பார் என்று டிரைவர்களின் மனைவிமாரும் நிம்மதியாக இருந்தார்கள். தொழிலே நம்பிக்கையில்தான் மேடம் ஓடுகிறது.

அன்றைக்கு வீரையன் வயல். ஏழு ஏக்கரில் நான்கை என் டிரைவர் சதீஷ் முடித்திருந்தான். கிழக்கே மேகம் கட்டியிருந்தது. மழை விழுந்தால் கதிர் சாய்ந்துவிடும், மெஷினுக்குச் சிக்காது. வீரையன் வரப்பில் நின்று வானத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றே காலுக்குச் சதீஷின் போன் அடித்தது. அவன் மனைவி குந்தவை. மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கும்போது கையில் பாம்பு கடித்துவிட்டதாம், விரியன் மாதிரி இருந்ததாம். தெருவில் ஒருவரும் இல்லை, எல்லோரும் அறுப்புக்குப் போய்விட்டார்கள் என்றாள்.

"அவரை அனுப்புங்கண்ணே. இல்லன்னா ஆம்புலன்சுக்கு அடிக்கட்டுமா?"

"யாருக்கும் அடிக்க வேணாம்மா. இப்பவே ஜீப்பக் குடுத்து அவனை அனுப்புறேன். நீ நடக்காம, பதறாம அப்படியே உக்காரு."

வைத்தியப்படி அது சரியான யோசனை. கடிபட்டவர் நடக்கக் கூடாது, பதறவும் கூடாது. சரிங்கண்ணே என்றாள், குரல் தணிந்துவிட்டது. அவ்வளவு பயத்தில் இருக்கும் ஒருத்தியை ஒரே பேச்சில் அமைதிப்படுத்துவது எல்லோருக்கும் வராது.

போனை வைத்துவிட்டு யோசித்தேன். சதீஷிடம் சொன்னால் மெஷினை நடுவயலில் விட்டுவிட்டு ஓடுவான். மற்ற மூன்று டிரைவர்களும் மூன்று ஊரில் இருந்தார்கள். ஜீப்பை நானே எடுத்துக்கொண்டு போனால், அண்ணன் எங்கே பறக்கிறார் என்று அவனும் இறங்கிவிடுவான். ஆம்புலன்ஸை அனுப்பினால் சைரன் கேட்டு யாராவது வயலுக்கே ஓடிவந்து அவனிடம் சொல்லிவிடுவார்கள். மூன்று ஏக்கர் நிற்கிறது. கடித்தது தண்ணீர்ப் பாம்பாகக்கூட இருக்கலாம். கெட்ட செய்தியைச் சொல்வதற்கு நேரம் காலம் உண்டு என்று மேடையில் பேசியவன் நான்.

இருபது நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டாள். கை வீங்குகிறது, பல் ஈறில் ரத்தம் வருகிறது என்றாள். கிளம்பிவிட்டான், கடைத்தெருவில் நெரிசல் என்று சொன்னேன். மூன்றாவது முறை அடித்தபோது நான் எடுக்கவில்லை. புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இடையில் சதீஷ் தண்ணீர் குடிக்க வந்தான். "வீட்லேருந்து போன் வந்துச்சாண்ணே?" என்று கேட்டான்.

"இல்லப்பா. நீ முடி."

இரண்டேகாலுக்கு முடிந்தது. வீரையன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்று அழைப்பையும் அழித்துவிட்டுத்தான் போனைக் கொடுத்தேன். இப்படிப்பட்ட விஷயத்தை ஒருவன் போனைப் பார்த்தா தெரிந்துகொள்வது? இன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போ என்று நானே ஜீப்பில் கொண்டுபோய் விட்டேன். கால் மணி நேர வழிதான். குந்தவை வைக்கோல் போரில் சாய்ந்து, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நடக்கவே இல்லை. சொன்னதைக் கேட்கிற பெண்.

மழை அன்றைக்கு வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பதினாறாம் நாள் வரை எல்லாக் காரியமும் நான்தான் நின்று செய்தேன். நீங்கள் இல்லையென்றால் என்ன ஆகியிருப்பேன் என்று சதீஷ் என் தோளில் சாய்ந்து அழுதான். நானும் அழுதேன், நிஜமாகவே அழுதேன். அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

குந்தவையின் தங்கை பிரகதீஸ்வரி போன வாரம் அக்காவின் போனைத் திறந்து பார்த்திருக்கிறாள். நான் அழித்தது சதீஷ் போனில் மட்டும்தானே. அக்காவின் போனில் எல்லாம் இருந்தது. முதல் பேச்சு ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. சதீஷ் வந்தான். சத்தம் போடவில்லை.

"அவ என்ன சொன்னா?" என்று மட்டும் கேட்டான். அண்ணே என்ற சொல் இல்லாததைக் கவனித்தேன். மறுநாள் மற்ற மூவரும் சாவியை என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். சீசன் நடுவில் நான்கு மெஷினும் நிற்கிறது. ஒரு விலகல் கடிதமாவது கொடுத்திருக்கலாம்.

அவள் செத்துப்போவாள் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். ஈறில் ரத்தம் என்றதும் தெரிந்துவிட்டது. அப்போது இரண்டரை ஏக்கருக்கு மேல் பாக்கி. தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என் மனைவிக்கு இப்படி நடந்திருந்தால் என்று கேட்கிறீர்கள். ஆனந்தவல்லி வேலை நேரத்தில் என்னைக் கூப்பிட மாட்டாள் மேடம். இருபது வருடமாக அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன். காலையிலிருந்து நான் இங்கே இருப்பது ஊருக்கே தெரியும். என் போன் உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது. ஒரு தடவையாவது அடித்ததா, நீங்களே சொல்லுங்கள்.