தனபாலன் சேகரம்

துவாரம் போட்ட பழைய காகிதத்தைத் தொடுவதற்குக் கையுறை வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. கையுறைக்குள் விரல் குருடாகிவிடும். விளிம்பு எங்கே கிழியப்போகிறது என்பது வெறும் விரலுக்குத்தான் முன்கூட்டியே தெரியும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய கை போதும். இதை எங்கேயாவது குறித்து வையுங்கள், மேடம். இனி வேறு யாராவது அந்த ரோல்களைத் தொட நேரும்.

வாக்குமூலத்தை நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேட்டதும் இதனால்தான். நான் சொல்லச் சொல்ல உங்கள் சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதினார். வாங்கி வாசித்துப் பார்த்தேன். பியானோ ரோல் என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் கடதாசிச் சுருள் என்று போட்டிருந்தார். கடதாசிச் சுருளுக்காக ஒரு பட்டதாரிப் பெண் இப்படிச் செய்வாளா என்று நீதவான் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

ஒலிப்பதிவு சரியாக வராத காலத்தில், பெரிய வாத்தியக்காரர்கள் வாசித்ததை நீளக் காகிதத்தில் துவாரங்களாகக் குத்தி வைத்தார்கள். ஒரு துவாரம் ஒரு சுரம். நீளமான துவாரம் என்றால் நீளமான சுரம். அந்தக் காகிதத்தைச் சுருட்டி அதற்கென்று செய்த பியானோவில் மாட்டினால், வாசித்தவர் செத்துப் போனாலும் பியானோ அவரைப்போலவே வாசிக்கும். இப்போது வருகிற பியானோக்களும் தானாக வாசிக்கும். ஆனால் அவற்றுக்குக் காகிதம் வேண்டாம், கணினிக் கோப்பு போதும். ஆகவே பழைய ரோல் வைத்திருக்கிறவர்கள் அதை ஸ்கேன் செய்து கோப்பாக்கி, இணையத்தில் இலவசமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒல்லாந்தில் ஒருவர் போடுவார், ஜப்பானில் ஒருவர் இறக்கித் தன் வீட்டுப் பியானோவில் வாசிக்கவிடுவார். காசுக்கு இடமில்லாத கூட்டம் அது. அங்கே ஒருவருக்குக் கிடைக்கிற ஒரே கூலி, கோப்புக்குக் கீழே இருக்கும் பெயர்.

கலஹாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவைக் காலிசெய்தபோது தகரப் பெட்டிகளில் ரோல்கள் ஏலத்துக்கு வந்தன. மொத்தமாக எடுத்தவர் தனபாலன். அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தவர். மனைவி இறந்து, கடையையும் விற்றுவிட்டு அலவத்துகொடையில் தனியாக இருந்தார். மகன் ஜனகன் மெல்பேர்னில். மகன்தான் தானாக வாசிக்கும் பியானோவை அனுப்பினான். தனபாலனுக்கு ஒரு சுரமும் தெரியாது. அதில் குற்றமில்லை, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

என் அப்பா கறுப்பையா அவருடைய கடையில் சீமெந்து மூட்டை இறக்கியவர். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கி, வேலை கேட்டு வீதியில் பதாகை பிடித்து, தண்ணீர்ப் பீரங்கியில் நனைந்து, வீட்டில் சும்மா இருந்தபோது அப்பாதான் போய் "மொதலாளி, எம்மக கம்பியூட்டர் படிச்சிருக்கு" என்று சொல்லியிருக்கிறார். ரோல்களைத் தூசி தட்டி அடுக்குவதற்கு என்னைச் சேர்த்தார்கள்.

ஸ்கேன் பண்ணும் பொறியை நானே செய்தேன். ரோலை இழுக்கத் தையல் மெஷின் மோட்டார், அடியில் வெளிச்சம், மேலே கேமரா. துவாரங்களைச் சுரமாக மாற்றுகிற புரோகிராமையும் எழுதினேன். கிழிசல் எது, துவாரம் எது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. கிழிசலையும் அது சுரமாக வாசிக்கும். ஒவ்வொரு ரோலையும் காதால் கேட்டுக் கேட்டுப் பொய்ச் சுரங்களைப் பொறுக்கி எறிய வேண்டும். பூச்சி தின்ற இடங்களில் வாத்தியக்காரர் என்ன நினைத்திருப்பார் என்று அவருடைய மற்ற ரோல்களிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். அப்படி நான் செய்த கோப்புகள்தான் உலகம் முழுக்கப் போயின. ஒவ்வொன்றின் கீழும் 'தனபாலன் சேகரம். ஸ்கேனும் சீரமைப்பும்: தனபாலன்' என்று இருந்தது. தனபாலனின் செவி அபூர்வமானது என்று ஒல்லாந்துக்காரர் ஒருவர் எழுதினார். அந்தக் கடிதத்துக்கு நன்றி சொல்லிப் பதில் போட்டதும் நான்தான், அவர் பெயரில்.

"கீழே என் பேரையும் போடலாமே ஐயா" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏன், சம்பளம் பத்தலையா?"

"நான் சம்பளத்தப் பத்திப் பேசலையே."

"அப்புறம் என்ன பேச்சு. கடையில சீமெந்து எறக்குனது ஒங்கப்பன். போர்டுல யார் பேரு இருந்திச்சு? அவன் கேட்டானா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அது அவருக்கு உண்மையிலேயே நகைச்சுவை. நானும் சேர்ந்து சிரித்தேன். அதைத்தான் பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

போன வருடக் கடைசியில் ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம் ரோல் ஆராய்ச்சிக்கு முழு உதவிப் பணத்தோடு ஓர் இடம் அறிவித்தது. நான் என் பெயரில் விண்ணப்பித்தேன், வேலையெல்லாம் என்னுடையது என்று எழுதினேன். அவர்கள் சந்தோஷப்பட்டு, திங்கட்கிழமை வீடியோவில் நேர்முகம் வைத்தார்கள். சேகரத்தின் சொந்தக்காரரும் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று அவருக்கும் எழுதியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் அந்தப் பேச்சை எடுத்தார். பக்கத்து வீட்டுத் தாஸிம் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம்.

"கேட்டா உள்ளத சொல்லுவேன். கறுப்பையா மக, தூசி தட்டுறதுக்கு வெச்சிருக்கேன்னு. அந்த யுனிவர்சிட்டி எடத்துக்கு ஜனகன் பேரக் குடுக்கப்போறேன். அவனுக்கு வெளிநாட்டுல ஒரு பிடிப்பு வேணும்."

"ஜனகன் அண்ணனுக்கு ரோல எந்தப் பக்கம் மாட்டுறதுன்னு தெரியுமா?"

"பழகிக்குவான். நீயும் பழகுனவதானே."

ரோல்கள் இருந்த அறை வீட்டின் பின்பக்கம். ஈரம் புகாமலிருக்க ஜன்னலை அடைத்து, கதவு விளிம்பில் ரப்பர் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் மெஷின் வைத்திருந்தோம். அலுமாரியின் மேல் ஒரேயொரு ரோலை அவர் என்னிடம் தராமல் வைத்திருந்தார். சேகரத்தில் நான் தொடாதது அது மட்டும்தான். அதை ஜனகனுக்கு அனுப்பப்போகிறேன் என்று கதிரை மேல் ஏறி எடுத்தார். கதிரை சரிந்தது.

நான் தள்ளவில்லை. அதை நீங்களும் ஒத்துக்கொண்டீர்கள், நன்றி.

இடுப்பு முறிந்திருக்க வேண்டும். "புள்ள, தாஸிமக் கூப்புடு" என்றார். கூப்பிடுறேன் ஐயா என்றேன். அது பொய் இல்லை. சொல்லும்போது கூப்பிடத்தான் நினைத்தேன். ரோல் அவர் கையிலிருந்து உருண்டு அவிழ்ந்து கிடந்தது. அப்படியே விட்டால் மடிந்து கிழிந்துவிடும். சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அந்தக் கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும். அவருடைய போன் பியானோ மேல் கிடந்தது. அதைக் கையில் எடுத்தபோதுதான் திங்கட்கிழமை வரைக்கும் எவ்வளவு கொஞ்ச நேரம் இருக்கிறது என்று தோன்றியது. போனை அணைத்து அதே இடத்தில் வைத்தேன்.

தண்ணீராவது வைத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். ரோல் அறைக்குள் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

ஒவ்வோர் அந்தியிலும் அந்த வீட்டில் பியானோ கேட்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் தாஸிம் நானாவும் அவர் மனைவி றலியா ராத்தாவும். அப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஜனகன் ஒரு சாவியையும் கொடுத்து வைத்திருந்தான். ஒருநாள் தாஸிம் நானா என் முன்னாலேயே அவனிடம் போனில் சொன்னார்: "பியானோ கேட்டா வாப்பா ஹயாத்தோட, உசிரோட ஈக்காருன்னு அர்த்தம். கேக்கலன்னா நான் ஓடிப்போய்ப் பாப்பேன். நீங்க பயப்படாம ஈங்க தம்பி."

பியானோவை என் போனிலிருந்து இயக்குகிற மாதிரி வெகுநாளைக்கு முன்பே செய்து வைத்திருந்தேன், வீட்டிலிருந்து கோப்புகளைச் சரிபார்க்க. அன்று அந்தியில் கலஹாவில் எங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து, அவருக்குப் பிடித்த கோப்பைத் தேர்ந்து வாசிக்கவிட்டேன். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். குடித்தேன்.

சனிக்கிழமையும் வழக்கம்போல வேலைக்குப் போனேன். கேட் அருகே றலியா ராத்தா நின்றார்.

"புள்ள, ஐயாக்கு எங்களோட ஏதும் கோவமா?"

"ஏன் ராத்தா?"

"இல்ல, சும்மாதான் கேட்டன்."

எனக்கு விளங்கவில்லை. ஆனால் அது வசதியாக இருந்தது. "கொஞ்சம் கோவம்தான். யாரையும் பாக்க விருப்பமில்லையாம்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பேக்கரியில் வாங்கி வந்திருந்த பாணைக் கையில் பிடித்தபடி திரும்பிப் போனார். ஜனகன் அன்றைக்குத் தாஸிம் நானாவிடம் பேசினானாம், அப்பாவுடைய போன் வேலை செய்யவில்லை என்று. பியானோ நேற்றும் கேட்டது, ஐயா நல்லா ஈக்கார் என்று பதில் போயிருக்கிறது.

நான் பிடிபட்டது எங்கே என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. பள்ளிவாசலில் அந்திப் பாங்கு கேட்டதும் தனபாலன் பியானோவை நிறுத்துவாராம். பாங்கு முடிந்து, அவர்கள் தொழுது முடிக்கும் வரை பொறுத்து, விட்ட இடத்திலிருந்து திரும்ப வாசிக்கவிடுவாராம். யாரும் கேட்டுச் செய்ததில்லை. அவராகவே அத்தனை வருடமாகச் செய்து வந்திருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? கலஹாவுக்குப் பஸ் பிடிக்க வேண்டும் என்று நான் பின்னேரமே இறங்கிவிடுவேன். முதலாளி வீட்டுப் பகலை மட்டும்தான் வேலைக்காரருக்குக் காட்டுகிறார்கள். அந்தி அக்கம்பக்கத்தாருக்கு.

என் பியானோ பாங்குக்கு நிற்கவில்லை. வெள்ளி நிற்கவில்லை, சனியும் நிற்கவில்லை. அவர்களுக்கு மரணம் நினைவுக்கு வரவில்லை, மேடம், மனவருத்தம்தான் வந்தது. அதிலும் நான் வேறு கோபம் என்று சொல்லிவிட்டேன். அதனால் ரோசப்பட்டு ஒருநாள் முழுக்க வராமல் இருந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பாங்கோடு சேர்த்துப் பியானோ வாசித்தபோது, இனித் தாங்காது என்று தாஸிம் நானா ஒரு கிண்ணம் இனிப்பு வட்டிலப்பத்தோடு சமாதானம் பேசப் போயிருக்கிறார். "ஐயா, நாங்க என்ன குத்தம் செஞ்சோம்" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாராம். பியானோ வாசித்துக்கொண்டிருந்ததாம்.

ஆள் தானாக விழுந்து கிடந்தார் என்றுதான் நீங்கள் முதலில் முடிவு கட்டினீர்கள். செத்து ஒரு பகலாவது ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, "அப்ப இவ்வளவு நேரமும் யாரு வாசிச்ச?" என்று கேட்டது றலியா ராத்தாதான். நீங்கள் என் வீட்டுக்கு வருவதற்குள் நேர்முகம் முடிந்துவிட்டது. ஐயாவுக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, நன்றாகப் பேசினேன். கடைசியில் ஒருவர், திரு தனபாலனிடமிருந்து நீங்கள் கற்ற முக்கியமான விஷயம் என்ன என்று கேட்டார். பொறுமை என்றேன். என் போன் உங்களிடம் இருக்கிறது. அவர்களுடைய பதில் வந்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

நேற்று அப்பா வந்தார். சாவு வீட்டில் பந்தல் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், கையில் கயிறு அறுத்த காயம். "மொதலாளி மகன் எங்கிட்ட ஒரு வார்த்தையும் பேசலம்மா. ஆனா பந்தல் போட வேணாம்னு சொல்லல" என்றார். அதைப் பெரிய மரியாதை என்று நினைக்கிறார். நான் எதற்காகக் கோபப்படுகிறேன் என்று நீங்கள் கேட்டதற்கு அதுதான் பதில். எங்கள் அப்பாவுக்கு அது போதுமாக இருக்கிறது. எனக்குப் போதவில்லை.

செய்தேன். அவர் உயிரோடு இருந்தார், எனக்குத் தெரியும், ஆளைக் கூப்பிடவில்லை, ஒருவரும் வராமல் இருக்கப் பியானோவை வாசிக்கவிட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் கல்நெஞ்சுக்காரி என்று ஜனகன் பத்திரிகைக்குச் சொன்னானாம். அது நியாயமில்லை. சனிக்கிழமை காலை முழுக்க, அவர் கையிலிருந்து எடுத்த அந்தக் கடைசி ரோலைத்தான் ஸ்கேன் செய்து சுத்தப்படுத்தினேன். ஹெட்போன் போட்டிருந்தேன், அதனால் உள்ளே அவர் கூப்பிட்டது அவ்வளவாகக் கேட்கவில்லை. முடித்ததும் என் பெயரை மட்டும் போட்டு ஏற்றினேன். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பெரிய பியானோவில் முழுதாக வாசிக்கவிட்டேன். இத்தனை வருடமாகப் பொத்தி வைத்திருந்தாரே தவிர அவரும் அதைக் கேட்டதில்லை. அதனால் கூடத்துக் கதவை அகலத் திறந்து வைத்தேன், அவருக்கும் கேட்கட்டும் என்று. வாசிக்கும்போது அவர் ஒரு சத்தமும் போடவில்லை. கடைசிச் சுரம் அடங்கியதும் ரோல் அறைக் கதவின் அடியில், நிலத்தோடு ஒட்டினாற்போல, மெதுவாகத் தட்டினார், நிறுத்தாமல் கொஞ்ச நேரம். என் வேலையை அவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.